ஒண்ணாவது, மூணாவது பசங்க ஹோம்வொர்க்கை வீட்டுல எப்படி ஓட்டறது

எனக்கு வெள்ளிக் கொலுசு வேலைங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டை கடைக்காரங்ககிட்ட வெள்ளி வாங்கிட்டு வந்து கொலுசாக்கி திருப்பிக் குடுக்கறது, வீட்டு முன் ரூம்தான் பட்டறை. வீட்டுக்காரம்மா ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறாங்க, வர்றதுக்கு ராத்திரி எட்டரை ஆயிரும், அதனால பசங்க ஹோம்வொர்க் என் தலையில விழுந்துச்சு. பொண்ணு மூணாவது, பையன் ஒண்ணாவது. பாப்பா ஒண்ணாவது படிச்ச வருசம் எங்க வீட்டு சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேக்கும், நான் கத்த அவ அழுக, அம்மாயி (பசங்க பாட்டி) நடுவுல வந்து என்னைத் திட்ட, ஏழரை மணிக்கு ஆரம்பிச்சது பத்து மணிக்கும் முடியாது. இப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே முக்கா மணி நேரத்துல முடிஞ்சிருது. சும்மா முடியலைங்க, ரெண்டு வருசம் தப்பு தப்பா பண்ணிப் பாத்துதான் இந்த வழிக்கு வந்தோம். பக்கத்து வீட்டுல எல்லாம் கேக்கறாங்கன்னு எழுதறேன்.

மொத விஷயம், ஸ்கூல் விட்டு வந்த உடனே நோட்டை எடுக்க சொல்லாதீங்க. வேன்ல அம்மாபேட்டை பொன்னம்மாபேட்டைன்னு சுத்தி எல்லாரையும் இறக்கி விட்டுட்டு நம்ம பசங்க இறங்கறப்ப நாலரை ஆயிருது, காலையில ஏழரைக்கு ஏறுனது. பெரியவங்க நாமளே வேலை முடிஞ்சு வந்தா சட்டையைக் கழட்டிப் போட்டு அரை மணி நேரம் உக்காருவோம். எங்க வீட்டுல கை கால் கழுவி, எதாவது வயித்துக்குப் போட்டு, அஞ்சேமுக்கா வரைக்கும் தெருவுல விளையாட்டு. சாப்பிடறதுக்கு வேர்க்கடலை அவிச்சது, சுண்டல், சத்துமாவு உருண்டை இந்த மாதிரி. தட்டுவடை செட்டு வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் கேப்பான், அது வேற சண்டை. பசியோட உக்கார்ற புள்ளைக்கு நீங்க என்ன சொல்லிக் குடுத்தாலும் ஏறாது, அதை சோம்பேறித்தனம்னு நெனச்சு நான் அடிச்சிருக்கேன், இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு.

டிவியை மட்டும் அந்த நேரத்துல போட்டுறாதீங்க. விளையாடிட்டு வர்ற புள்ளை நோட்டுகிட்ட வந்துரும், கார்ட்டூன்லருந்து எழுந்து வர்ற புள்ளையை இழுத்துட்டு வரதுக்கே இருபது நிமிசம் போகும்.

அடுத்தது இடம். ஸ்டடி டேபிள் வாங்கணும்னு ஒண்ணும் இல்லைங்க. எங்க தாத்தா காலத்து மண்டியில கணக்கு எழுதற சாய்வு மேசை ஒண்ணு பரண்ல கெடந்துச்சு, அதைத் தொடச்சு எடுத்துப் போட்டேன், சம்மணம் போட்டு உக்காந்து எழுத அதை விட நல்லதா நான் எதையும் பாக்கல, மணிக்கட்டு தானா சரியா படியுது, தலை நோட்டுக்குள்ள குனியல. சேர்ல உக்காத்தி வெச்சா கால் தொங்காம கீழ ஒரு முக்காலியோ பழைய டப்பாவோ போடுங்க, கால் தொங்குற புள்ளை நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். வலது கைப் புள்ளைக்கு வெளிச்சம் இடது பக்கம் இருந்து வரணும், இல்லன்னா எழுதற இடத்துல அதோட கை நிழலே விழும். இடது கைக்காரப் புள்ளைன்னா அப்படியே மாத்திக்கோங்க, நோட்டோட தலைப் பக்கம் கொஞ்சம் வலது பக்கமா சாயட்டும், கையை மாத்தச் சொல்லி மட்டும் கட்டாயப்படுத்தாதீங்க.

நம்ம ஊர்ல மார்ச் ஏப்ரல்ல மேற்கு பாத்த ரூம் சாயங்காலம் அடுப்பு மாதிரி இருக்கும், மொட்டை மாடியும் ஏழு மணி வரைக்கும் கொதிக்கும், அந்த ரெண்டு மாசம் நாங்க வாசத் திண்ணைக்கு மாறிடுவோம். பட்டறை ரூம்ல மட்டும் உக்கார விடமாட்டேன், கேஸ் இருக்கு ஆசிட் இருக்கு. அவங்க உக்கார்ற இடத்துக்கு நான் என் வேலையை எடுத்துட்டுப் போறேன். அந்த முக்கா மணி நேரத்துக்குன்னே வளையம் கோக்கற வேலையை ஒதுக்கி வெச்சிருவேன், நெருப்பு வேலை எல்லாம் அவங்க எழுந்த பின்னாடி.

ஒரு எவர்சில்வர் சம்படத்துல சீவுன பென்சில் மூணு, ரப்பர், ஷார்ப்னர், ஸ்கேல், கலர் பென்சில் எல்லாம் போட்டு வெச்சிருங்க. இது ஸ்கூலுக்குப் போகாது, வீட்டு சம்படம். ஒரு வாரம் நான் கணக்கெடுத்தேன், பையன் ரப்பர் தேடறேன் ஷார்ப்னர் தேடறேன்னு எழுந்து போற நேரம்தான் எழுதற நேரத்தை விட ஜாஸ்தி.

சரி உக்காந்தாச்சு. மொதல்ல டைரியை அவங்களே எடுத்து சத்தமா படிக்கணும். என்னென்ன இருக்குன்னு ஒரு துண்டு பேப்பர்ல அவங்க கையாலயே எழுதணும், ஒண்ணாவது பையன் படமா போடுவான், கணக்குக்கு ஒரு கூட்டல் குறி, தமிழுக்கு ஒரு அ. முடிக்க முடிக்க டிக் போட்டுக்குவாங்க. வரிசையை அவங்களே முடிவு பண்ணட்டும், நான் ஒண்ணு மட்டும் சொல்லுவேன், சின்னதா சுலபமா ஒண்ணு மொதல்ல, கஷ்டமானது ரெண்டாவது, பிடிச்சது கடைசில. கஷ்டமானதைக் கடைசிக்கு வெச்சா அதுக்குள்ள தூக்கம் வந்துரும், மொதல்லயே வெச்சா உக்காரவே மாட்டாங்க.

வாட்ஸப் குரூப் பத்தி சொல்லியே ஆகணும். டைரியில எழுதாம குரூப்ல போட்டோ போடறாங்க, அது சாயங்காலம் ஏழு மணிக்கும் வரும், கீழ நாப்பது அம்மா அப்பா பேஜ் நம்பர் என்னங்க என்னங்கன்னு கேப்பாங்க, நடுவுல ஒருத்தர் குட் ஈவ்னிங் பூ படம் போடுவாரு. நான் அஞ்சேமுக்காவுக்கு ஒரு தடவை பாப்பேன், அந்த துண்டு பேப்பர்ல எழுத சொல்லிட்டு போனை பட்டறை அலமாரில வெச்சிருவேன். அதுக்கு அப்புறம் வந்த ஹோம்வொர்க் நாளைக்குத்தான். ஆறு மாசமா இப்படித்தான் பண்றேன், இதுவரைக்கும் யாரும் கேக்கல.

எவ்வளவு நேரம்? இதுலதான் நம்ம ஆளுங்க ஏமாந்து போறோம். மத்திய அரசோட பள்ளிப் பை கொள்கைன்னு 2020ல ஒண்ணு வந்துச்சு, பை எடை மட்டும் இல்ல, ஹோம்வொர்க்கும் அதுல இருக்கு. ரெண்டாவது வரைக்கும் ஹோம்வொர்க்கே கிடையாது, மூணுலருந்து அஞ்சாவது வரைக்கும் வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். தினத்துக்கு இல்லைங்க, வாரத்துக்கு. அஞ்சு நாளைக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 24 நிமிசம். அதுக்கு முன்னாடியே 2018 மே மாசம் சென்னை ஐகோர்ட்ல நீதிபதி கிருபாகரன் ஒண்ணாவது ரெண்டாவது பசங்களுக்கு ஹோம்வொர்க் தரக்கூடாதுன்னு உத்தரவு போட்டாரு. அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டில ஹாரிஸ் கூப்பர்னு ஒருத்தர் ஹோம்வொர்க் பத்தின ஆராய்ச்சிகளை எல்லாம் வருசக்கணக்கா தொகுத்துப் பாத்தவரு, அவரு 2006ல போட்ட தொகுப்புலயும் பெரிய கிளாஸ் பசங்களுக்கு ஹோம்வொர்க்குக்கும் மார்க்குக்கும் இருக்கற சம்பந்தம் சின்ன கிளாஸ்ல ரொம்பக் கம்மியாதான் இருந்துச்சு. அங்க பேச்சு வழக்குல ஒரு அளவு சொல்லுவாங்க, ஒரு வகுப்புக்கு 10 நிமிசம், அதாவது ஒண்ணாவதுக்கு 10, மூணாவதுக்கு 30.

ஆனா நம்ம பக்கம் பிரைவேட் ஸ்கூல்ல எல்கேஜிக்கே ரெண்டு பக்கம் கையெழுத்து குடுக்கறாங்க. கோர்ட் ஆர்டரைத் தூக்கிட்டுப் போய் சண்டை போடற தெம்பு எனக்கும் இல்ல, உங்களுக்கும் இருக்காது. அதனால நான் வீட்டுக்குள்ள ஒரு எல்லை போட்டேன், பையனுக்கு 15 நிமிசம், பாப்பாவுக்கு 35. பையன் எட்டு நிமிசம் எழுதுனா ரெண்டு நிமிசம் எந்திரிச்சு ஒரு சுத்து ஓடிட்டு வந்து மறுபடி உக்காருவான். பாப்பாவுக்கு பதினஞ்சுக்கு ஒரு இடைவேளை. சமையக்கட்டு கடிகாரத்தைக் காமிச்சு பெரிய முள்ளு இங்க வர்ற வரைக்கும்னு சொல்லிருவேன், அதுலயே மணி பாக்கவும் கத்துக்கிட்டான். எல்லை தாண்டுச்சுன்னா முடியலனாலும் நோட்டை மூடிருவோம். மூடிட்டு டைரில நான் எழுதுவேன், "வணக்கம் மிஸ், பாப்பா இன்னைக்கு 35 நிமிசம் உக்காந்து கணக்கு முடிச்சா, தமிழ்ல பாதி எழுதினா, மீதியை நான்தான் நிறுத்த சொன்னேன், புரியாம நின்னது மூணாவது கேள்வி." கையெழுத்து. அவ்வளவுதான். மொத தடவை எழுதறப்ப கை நடுங்குச்சு, மிஸ் என்ன சொல்லுவாங்களோன்னு. அவங்க மறுநாள் அந்த மூணாவது கேள்வியை கிளாஸ்ல எல்லாருக்கும் மறுபடி சொல்லிக் குடுத்தாங்களாம், ஏன்னா பாதிப் பேருக்கு அது புரியலையாம், மத்த வீட்டுல அப்பா அம்மா எழுதி அனுப்பிட்டதால அவங்களுக்குத் தெரியவே இல்ல.

இப்ப நாம எங்க உக்கார்றது, என்ன பண்றது. பக்கத்துல உக்காருங்க, ஆனா நோட்டைப் பாக்காதீங்க. இது சொல்றதுக்கு சுலபம். புள்ளை வாழைப்பழத்தை வாளப்பளம்னு எழுதறது கண்ணுல பட்டா கை தானா ரப்பரைத் தேடும். கையில வேற வேலை இருந்தாத்தான் அந்தக் கை சும்மா இருக்கும், அதுக்குத்தான் வளையம் கோக்கறது, உங்களுக்கு வெங்காயம் உரிக்கறது, கீரை ஆயறது, பில்லு பாக்கறது எதுவா இருந்தாலும் சரி, போன் மட்டும் வேண்டாம்.

புரியலைன்னு கேட்டா மொதல்ல கேள்வியை அவங்களையே சத்தமா படிக்க சொல்லுங்க, பாதி நேரம் அதுலயே விடை தெரிஞ்சுரும், ஏன்னா படிக்காமலே புரியலைன்னு சொல்லிருப்பாங்க. அப்பவும் தெரியலைன்னா அதே மாதிரி வேற ஒண்ணை நீங்க போட்டுக் காமிங்க, நோட்டுல இல்ல, சிலேட்டுலயோ பழைய காலண்டர் பின்னாடியோ. அடுத்தது ரெண்டு பேரும் சேந்து போடறது. அதுக்கடுத்து நோட்டுல இருக்கறதை அவங்க தனியா. பட்டறையில நான் வேலை கத்துக்கிட்டது இப்படித்தான், எங்க மேஸ்திரி என் கையைப் புடிச்சு ஒரு நாளும் பத்த வெச்சதில்ல (சூடு காட்டி ஒட்டறதுங்க), பக்கத்துல உக்காத்தி வெச்சுக்குவாரு, பாத்துட்டே இருந்தேன், அப்புறம் வேஸ்ட் கம்பில போட்டுப் பழகினேன்.

முடிச்சதும் பாக்கறப்ப தப்பைச் சுத்தி வட்டம் போடாதீங்க. வரி ஓரத்துல ஒரு சின்ன புள்ளி வெச்சு இந்த வரில ஒண்ணு ஒளிஞ்சிருக்கு கண்டுபிடி சாமின்னு சொல்லுங்க. அவங்களே கண்டுபிடிச்சு அழிச்சு எழுதுனா சரி, கண்டுபிடிக்கலைன்னா அப்படியே விட்டுருங்க, மிஸ் பாக்கட்டும். எல்லாத்தையும் நாமளே திருத்தி அனுப்புனா புள்ளைக்கு என்ன தெரியலைங்கறது ஸ்கூலுக்கு எப்படித் தெரியும்.

ப்ராஜெக்ட் வந்தா இன்னும் மோசம். ஒரு தடவை பாப்பாவுக்கு குடிசை வீடு செஞ்சுட்டு வரணும்னு குடுத்தாங்க, நான் கை வேலைக்காரன் இல்லைங்களா, விடுவனா, தெர்மாக்கோல் வெட்டி, தென்னங்கீத்து கிழிச்சு, வெள்ளிக் கம்பி மாதிரி அலுமினியக் கம்பில வேலி கட்டி ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் செஞ்சேன், அவ ஒன்பதுக்கே தூங்கிட்டா. கிளாஸ்ல கூரை எப்படிப் போட்டேன்னு கேட்டதுக்கு, எங்கப்பாகிட்ட கேட்டுட்டு வந்து நாளைக்கு சொல்றேன் மிஸ்னு சொல்லிருக்கா. அதுலருந்து கத்தரிக்கோல் புடிக்கற வேலை மட்டும் என்னுது, கோணலா இருந்தாலும் அவங்க ஒட்டுனதுதான் போகும்.

தமிழ்ல பசங்க தடுமாறுறது ல ள ழ, ர ற, ந ன ண. நம்ம பேச்சுலயே பழத்தைப் பளம்னு சொல்லிட்டு புள்ளை எழுத்துல மட்டும் ழ வரணும்னா எங்க இருந்து வரும். இதுக்கு எங்க வீட்டுல பஸ் போர்டுதான் பாடம். சேலத்துல ல, இளம்பிள்ளையில ள, வாழப்பாடியில ழ. ஓமலூர்ல ர, ஏற்காட்டுல ற. நாமக்கல்லுக்கு ந, பனமரத்துப்பட்டிக்கு ன, மேட்டூர் அணைக்கு ண. பஸ் ஸ்டாண்ட் போறப்ப எல்லாம் போர்டு படிக்கறதுதான், அப்புறம் ஹோம்வொர்க்ல சந்தேகம் வந்தா இது எந்த ஊரு ளன்னு கேப்பேன், இளம்பிள்ளை ளப்பான்னு சொல்லுவான். வாயில சொல்லிப் பழக நாக்கை நல்லா மடிச்சு நாமளும் கூட சொல்லணும், நானும் இப்பத்தான் வாழைப்பழத்தை ஒழுங்கா சொல்லக் கத்துக்கிட்டேன்.

எழுத்து 247ன்னு சொல்லி பயமுறுத்தாதீங்க. உயிர் 12, மெய் 18, அதைப் பெருக்குனா வர்ற உயிர்மெய் 216, ஆய்தம் 1, சேத்தா 247. இதுல துணைக்கால் கொம்பு எல்லாம் ஒரு தடவை புரிஞ்சா எல்லா எழுத்துக்கும் அதேதான், கு சு டு து நு மாதிரி உகர ஊகார வரிசைதான் ஒவ்வொண்ணும் ஒரு வடிவமா இருக்கும், பசங்க மாட்டிக்கறது அங்கதான். கையெழுத்துப் பழக்கம் வேணும்னா அந்த ரெண்டு வரிசைக்கு நேரம் குடுங்க.

இன்னொண்ணு, தாத்தா பாட்டி சொல்லிக் குடுக்கற வீடுன்னா கவனம். எங்க வீட்டுல அம்மாயி பையனுக்கு வாழை இலைன்னு எழுதிக் காமிச்சாங்க, லை எழுத்துல யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி போட்டு. அவனும் அப்படியே எழுதிட்டுப் போக மறுநாள் செகப்பு மையில அடிச்சு வந்துச்சு, அம்மாயிக்கு ஒரே கோவம், நான் படிச்சது தப்பான்னு. தப்பு இல்லைங்க, 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்துச்சு, லை ளை ணை னை, அப்புறம் ணா றா னா மாதிரி சில எழுத்தோட வடிவம் மாறிருச்சு. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போனவங்க கை பழைய மாதிரியே போகும். அதனால அம்மாயிக்கு நான் வேற வேலை குடுத்தேன். பசங்க பாடத்தை வாய்விட்டுப் படிச்சுக் காமிக்க அவங்க கேக்கறது. கேக்கற ஆள் ஒருத்தர் இருந்தா பசங்க நல்லா படிக்கறாங்க, நடுவுல கதையும் சொல்லுவாங்க, நேரம் இழுக்கும், பரவால்ல.

கணக்குல கடன் வாங்கிக் கழிக்கறதுதான் பெரிய மலை. பாப்பா 52ல 27 போனா 35ன்னு எழுதுவா, ரெண்டுல ஏழு போகாது அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சிருக்கா. நோட்டுல எத்தனை தடவை சொன்னாலும் புரியாது, கையில புடிக்கணும். ஊதுபத்திக் குச்சியை பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு அஞ்சு கட்டு, தனியா ரெண்டு குச்சி. இப்ப 27 எனக்குக் குடுன்னு கேளுங்க. ரெண்டு கட்டைக் குடுத்துருவா, ஏழு குச்சிக்கு முழிப்பா, கொஞ்ச நேரம் கழிச்சு அவளே ஒரு கட்டைப் பிரிப்பா. அதான் கடன் வாங்கறது. பிரிச்சதும் பன்னண்டு, அதுல ஏழு போனா அஞ்சு, மிச்சம் ரெண்டு கட்டு, 25. ரெண்டு நாள் குச்சியில பண்ணிட்டு அப்புறம் நோட்டுல எழுதுங்க. குச்சி இல்லன்னா புளியங்கொட்டையைப் பத்து பத்தா சின்ன கவர்ல போட்டுக்கலாம். நான் பட்டறை சலங்கை மணியை எடுத்துக் குடுத்தேன், ரெண்டு மணி காணாமப் போயி கணக்குக் குடுக்கறப்ப முழிச்சேன், அதனால புளியங்கொட்டையே நல்லது.

வாய்ப்பாடு மனப்பாடம் பண்ண வெக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒண்ணுலருந்து பத்து வாய்ப்பாடுன்னா 100 பெருக்கல். ஆனா 3 தடவை 7ம் 7 தடவை 3ம் ஒண்ணுதான், அப்ப 55 தான் மிச்சம். அதுல 1, 2, 5, 10 வாய்ப்பாடு பசங்களுக்கு தானா வந்துரும், அதையும் எடுத்துட்டா நெஜமா மனப்பாடம் பண்ண வேண்டியது 21 தான். அந்த 21ஐ ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டுங்க, மூணு நாளைக்கு ஒண்ணுன்னாலும் ரெண்டு மாசத்துல முடிஞ்சுது. நாங்க போன லீவுல ஏற்காடு போனப்ப 20 கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போட்ட போர்டு வருதுல்ல, ஒவ்வொரு வளைவுக்கும் 7ஆல பெருக்கிச் சொல்லணும்னு போட்டி வெச்சோம், பன்னண்டாவது வளைவுல பையன் வாந்தி எடுத்துட்டான், பாப்பா மட்டும் 140 வரைக்கும் வந்தா.

இங்கிலீஷ் தெரியலைன்னு நெறைய பேர் டியூசன்ல விடறாங்க. ஒண்ணாவது ரெண்டாவதுக்கு டியூசன் வேண்டாங்கறது என் எண்ணம், எட்டு மணி வரைக்கும் இன்னொரு எடத்துல உக்கார வெக்கறதுதான் அது. ஸ்பெல்லிங்குக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்ல. வார்த்தையைப் பாரு, சத்தமா சொல்லு, கையால மூடு, எழுது, தொறந்து சரிபாரு. புள்ளையே பண்ணிக்கும். பத்து தடவை பாத்து எழுதறதை விட மூடி மூணு தடவை எழுதறது நிக்கும். சின்ன பி (b), சின்ன டி (d) ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதுனா பயப்படாதீங்க, ஏழு வயசு வரைக்கும் அது சாதாரணம். ரெண்டு கையையும் மூடி கட்டை விரலை மட்டும் மேல நீட்டி ரெண்டு கை முட்டியையும் ஒட்டி வெச்சா கட்டில் மாதிரி வரும், இடது கை தலைமாடு பி, வலது கை கால்மாடு டி, பெட்டுங்கற (bed) வார்த்தையே கட்டில் மாதிரிதான் இருக்குன்னு காமிங்க.

ஏழெட்டு வயசு தாண்டியும் எழுத்து தலைகீழா வருது, படிக்கறப்ப வரி தாவுது, வாயில டக்குனு பதில் சொல்ற புள்ளை எழுத மட்டும் முடியாம அழுவுதுன்னா அதைத் திமிருன்னு எடுத்துக்காதீங்க. மொதல்ல கண்ணு டெஸ்ட் பண்ணுங்க, நோட்டை மூக்குகிட்ட வெச்சு எழுதற புள்ளைக்குக் கண்டிப்பா. அப்புறம் கிளாஸ் மிஸ்கிட்ட பேசுங்க. அரசுப் பள்ளின்னா வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, அவங்களைப் பாக்க ஸ்கூல் மூலமா கேக்கலாம்.

கை வலிக்குதுன்னா நெஜமாவே வலிக்கும். பென்சிலை மூணு விரல்ல பிடிக்காம முட்டி பூரா இறுக்கிப் பிடிச்சா ரெண்டு வரில வலிச்சிரும். நீள பென்சிலைக் குடுக்காம தேஞ்ச துண்டு பென்சில் குடுங்க, அதுல மூணு விரல் வெக்கத்தான் இடம் இருக்கும், தானா சரியா பிடிப்பாங்க. சப்பாத்தி மாவு பிசையறது, கோலம் போடறது, பூ கட்டறது எல்லாம் விரலுக்கு வேலைதான், பையனையும் விடுங்க.

அழ ஆரம்பிச்சா நிறுத்திருங்க. அழுதுகிட்டே எழுதற எழுத்து எதுவும் மண்டையில நிக்காது. தண்ணி குடுத்து தெருமுனை வரைக்கும் ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வந்து திரும்ப ஒரே ஒரு கேள்வி மட்டும் போட்டுப் பாருங்க, வரலைன்னா அன்னைக்கு அவ்வளவுதான், டைரில எழுதிக்கலாம். நம்ம கோவம் ஏறுனாலும் அதே வைத்தியம்தான், நான் எழுந்து பட்டறைக்குப் போய் ரெண்டு நிமிசம் நின்னுட்டு வருவேன். பக்கத்து வீட்டுப் பையனைப் பாருன்னு மட்டும் வாயில வரவே கூடாது, எனக்கு எங்கப்பா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, அந்தப் பையன் இப்ப என் ஃப்ரெண்டுதான், இருந்தாலும்.

ரெண்டு புள்ளை இருக்கற வீட்டுல பெரியவளை விட்டு சின்னவனுக்கு சொல்லிக் குடுக்கலாம், பத்து நிமிசம்தான், அதுக்கு மேல போனா அவ மிஸ் ஆயிருவா, குச்சி தேடுவா.

ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தா சாயங்காலம் உக்கார வெக்கவே முடியாது, ஊரே ரோட்டுல இருக்கும். அந்த வாரம் காலையில ஆறு மணிக்கு எழுப்பி பதினஞ்சு நிமிசம், அவ்வளவுதான். மத்த நாள்ல காலைல ஹோம்வொர்க் வேண்டாம், வேன் ஹாரன் அடிக்கறப்ப எழுதுற எழுத்து எப்படி இருக்கும்னு தெரியும்ல. தூக்கத்தைக் குறைக்காதீங்க, 6 வயசுலருந்து 12 வயசு வரைக்கும் 9லருந்து 12 மணி நேரம் தூங்கணும், எங்க வீட்டுல ஒன்பதுக்கு லைட்டு ஆஃப், அவங்கம்மா வந்து சாப்பாட்டுல உக்கார்ற அந்த அரை மணி நேரம்தான் நாலு பேரும் பேசறது. அந்த 2020 கொள்கையிலயே சின்னப் பசங்களை சாயங்காலம் என்ன விளையாண்ட, என்ன சாப்பிட்டன்னு கிளாஸ்ல சொல்ல வெக்கணும்னு இருக்கு. எங்க ஸ்கூல்ல கேக்கறது இல்ல, நாங்க சாப்பிடறப்ப கேட்டுக்கறோம்.

தூங்கறதுக்கு முன்னாடி பையை அவங்களே அடுக்கணும். டைரி, நோட்டு, ஜாமென்ட்ரி பாக்ஸ், நாளைக்கு டைம்டேபிள் பாத்து. நான் கதவுகிட்ட நின்னு எல்லாம் ஆச்சான்னு ஒரு தடவைதான் கேப்பேன். மறந்துட்டுப் போனா வண்டியை எடுத்துட்டு ஸ்கூலுக்கு ஓடறதில்லன்னு முடிவு, மொதல்ல அம்மாயிக்கு மனசு கேக்கல. போன வாரம் பையன் ரப்பரை விட்டுட்டுப் போயிட்டான், சாயங்காலம் வந்ததும் என்னடா பண்ணுனன்னு கேட்டேன். பக்கத்துல உக்கார்ற பையன்கிட்ட வாங்கி அழிச்சேன்ப்பான்னான். திருப்பிக் குடுத்தியான்னு கேட்டேன். ட்ரவுசர் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு எடுத்தான்.